ஆறாவது கூறு

பேய்க்கணவாயைக் கல்லில் அடிக்காமல் கொடியில் போட்டால் காய்ந்து செருப்புத் தோலாகிவிடும். பிறகு எந்தப் பல்லுக்கும் மசியாது. அதனால் தலேந்தா முற்றத்துக் கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் தலையோடு சேர்த்துப் பிடித்து ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். அடித்து, நுரை போகத் தேய்த்து, கடல்தண்ணீரில் அலசி, எட்டுக் கைகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஈச்சங்குச்சி கொடுத்துக் கொடியில் விரித்துப் போட வேண்டும். பனிக்காலம் தொடங்கியதிலிருந்து, லிபியாவுக்கும் சிசிலிக்கும் நடுவில் கிடந்த அந்தத் தீவில் எல்லா வீட்டு முற்றத்திலும் இதே சத்தம்தான். துணி துவைக்கிறார்கள் என்று வெளியூர்க்காரன் நினைத்துக்கொள்வான்.

அத்திமரத்தடியில் வஸீலா சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு. முன்பற்கள் இரண்டும் விழுந்து பாதிதான் முளைத்திருந்தன.

"என்னடி, சளியா அழுகையா? எதுன்னு சொல்லிட்டு உறிஞ்சு."

"பெருக்கல்னா வருது உம்மா. வகுத்தல் வர மாட்டேங்குது."

"டீச்சரம்மா சொல்லிக் குடுக்கலயா?"

"குடுத்தாங்க. வகுத்தல்னு தனியா ஒண்ணும் கிடையாதாம். பெருக்கல் வீட்டுல மூணு பேரு இருப்பாங்களாம். அதுல ஒருத்தர் ஒளிஞ்சுக்கிட்டா அதுக்குப் பேருதான் வகுத்தலாம். மத்த ரெண்டு பேரையும் கேட்டா, ஒளிஞ்சவர் யாருன்னு சொல்லிருவாங்களாம்."

"அப்புறம் என்ன? கேட்க வேண்டியதுதானே."

"நான் கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கிறாங்க!"

தலேந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து நாளாகியிருந்ததால் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

அவள் புருஷன் பெர்ஜானி தை மாதக் காற்றில் போனவன். படகுத் தலைவரை அங்கே ரயிஸ் என்பார்கள். ரயிஸ் மிக்தாத்தின் படகில் அவரையும் சேர்த்து ஐந்து பேர் தொழிலுக்குப் போவார்கள். கணவாய் வந்து ஒண்டிக்கொள்வதற்காகக் கயிற்றில் மண்குடுவைகளைக் கட்டிக் கடலடியில் இறக்கிவிட்டு வருவார்கள். அன்றைக்குக் கயிறு எங்கோ பாறையில் மாட்டிக்கொண்டது. பெர்ஜானி சின்னத் தோணியை எடுத்துக்கொண்டு அதை விடுவிக்கப் போனான். கிழக்குக் காற்று கிளம்பியது. தோணி கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

கிடைக்காத ஆளைச் செத்தவன் என்று யாரும் அவசரப்பட்டுச் சொல்வதில்லை அங்கே. காற்று தள்ளிக்கொண்டு போய் லிபியாக்காரன் கையில் பிடிபட்டவர்கள் உண்டு. சிசிலிக்காரன் படகில் ஏற்றிக்கொண்டு போய், தாடியும் மீசையுமாய்த் திரும்பி வந்தவர்களும் உண்டு. அதனால் தீவில் ஒரு வழக்கம். காணாமல் போனவனின் பங்கைக் கூட்டாளிகள் நிறுத்த மாட்டார்கள். அவன் படகில் இருப்பதாகவே வைத்து அவனுக்கும் கூறு போடுவார்கள். என்றைக்கு அவர்கள் கூடி நின்று, செத்தவனுக்கு ஓதுகிற ஃபாத்திஹாவை அவனுக்காக ஓதுகிறார்களோ, அன்றைக்கு அந்தக் கூறு நிற்கும். அன்றைக்குத்தான் அவன் பெண்டாட்டி விதவையாகி இத்தாவில் உட்காருவாள். அதுவரை அவள் புருஷனுள்ளவள். கையில் மருதாணி வைக்கலாம், கல்யாண வீட்டுக்குப் போகலாம், யாரும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

தலேந்தாவின் வீட்டுக்குப் பங்கு வந்துகொண்டிருந்தது. படகு கரையேறும் ஒவ்வொரு நாளும் ரயிஸ் மிக்தாத் தானே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அந்தக் கூடை வருகிறவரைக்கும் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள். கூடையைக் கண்டதும்தான் மூச்சு வரும். கடலில் நாலு திசையையும் பார்த்துவிட்டு வருகிற ஆண்களே அவனை இருக்கிறான் என்று கணக்கு வைத்திருக்கும்போது, வீட்டில் உட்கார்ந்திருக்கிற நாம் ஏன் சந்தேகப்பட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

"இங்க பாரு," என்றாள் மகளிடம். "சிலேட்டுல இருக்கிற கணக்கு யாரு வீட்டுக் கணக்கோ. நம்ம வீட்டுக் கணக்கைப் போடு, தானா வரும். பாபா படகுல எத்தனை பங்கு?"

வஸீலா விரலை மடக்கினாள். "படகுக்கு ஒண்ணு. ரயிஸ் மாமாவுக்கு ஒண்ணு. ஷத்லி மாமா, அஷூர் மாமா, நூரி அண்ணன். அப்புறம் பாபா. ஆறு!"

"ரயிஸ் வந்தா இன்னைக்கு மொத்தம் எத்தனைன்னு கேளு. ஆறால வகு. நம்ம கூடையில இருக்கிறதுதான் விடை. விடையே கண்ணு முன்னால கிடக்கும், தப்பாப் போடவே முடியாது."

நல்ல யோசனை என்று அவளுக்கே தன்மேல் ஒரு பெருமை. ஆறாம் வகுப்பு வரை படித்தவள், வாய்ப்பாட்டில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆளில்லை.

பிற்பகல் அசர் தொழுகைக்கு அப்புறம் ரயிஸ் வந்தார். கட்டையான மனிதர், உப்பில் வெந்து வெந்து கழுத்தெல்லாம் வரி விழுந்திருக்கும். கதவுக்கு உள்ளே வர மாட்டார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, கூடையை இறக்கி வைத்துவிட்டு, தரையைப் பார்த்துப் பேசுவார்.

"தங்கச்சி, கூடை."

"உங்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் ரயிஸ். சேதி எதாவது..."

"சேதி இல்லம்மா. வந்தா சொல்ல மாட்டேனா?"

"மாமா, மாமா," என்று வஸீலா ஓடிவந்தாள். "இன்னைக்கு மொத்தம் எத்தனை புடிச்சீங்க?"

ரயிஸ் ஒரு நொடி தயங்கினார். ஆனால் கரையில் வாய்விட்டு எண்ணிய பிடிப்பில் பொய் சொல்ல அந்தக் கடற்கரையில் யாருக்கும் நாக்கு வராது. கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் அடுத்த தடவை குடுவையெல்லாம் வெறுங்குடுவையாக ஏறும் என்று பயம். வேறு எதில் வேண்டுமானாலும் பொய் சொல்வார்கள்.

"முப்பது, கண்ணு," என்றார்.

வஸீலா சிலேட்டோடு உட்கார்ந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஆறாம் வாய்ப்பாட்டில் ஏறினாள். ஆறஞ்சு முப்பது. அஞ்சு! துள்ளிக் குதித்துக் கூடைக்கு ஓடினாள். எண்ணினாள். திரும்ப எண்ணினாள். முகம் சுருங்கிவிட்டது.

"ஆறு இருக்கு உம்மா."

"எண்ணத் தெரியலன்னு சொல்லு." தலேந்தா தானே எண்ணிப் பார்த்தாள். ஆறுதான். "சரி, நீ சின்னப் புள்ளைன்னு ரயிஸ் தன்னோட பங்குலேருந்து ஒண்ணைச் சேர்த்துப் போட்டிருப்பாரு. நல்ல மனுஷன்."

மறுமுறை படகு வந்தபோது பிடிப்பு நாற்பத்தேழு. கூடையில் ஒன்பது. சமமாகப் பிரிந்து மிஞ்சுவதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கரையிலேயே வாற்கோதுமை நொய்யும் மிளகாய் விழுதும் போட்டுக் கஞ்சி காய்ச்சி எல்லாருமாகக் குடித்துவிடுவார்கள். அது வஸீலாவுக்கும் தெரியும்.

"ஆறேழு நாப்பத்திரெண்டு, மீதி அஞ்சு கஞ்சிக்கு. நமக்கு ஏழுதானே உம்மா வரணும்? ஆறொம்போது அம்பத்திநாலு. புடிச்சதே அவ்வளவு இல்லயே!"

"போதும். எழுந்து போய்க் கோழிக்குத் தவிடு வை."

"நான் மக்கா உம்மா?"

"தவிடு வைன்னு சொன்னேன்."

கல்லில் கணவாயை அடிக்கும்போது அவளுக்கு வாய்ப்பாடு தானாக ஓடியது. வேண்டாம் என்று வேறு எதையாவது நினைத்துப் பார்த்தாள். கை அடித்தது, மனசு ஆறொம்போது என்றது.

அந்த வாரத்தில் ரயிஸின் பெண்டாட்டி ஹலூமா தண்ணீர் கேட்டு வந்தாள். அவர்கள் வீட்டுத் தொட்டி விரிசல் விட்டு மழைத்தண்ணீர் நிற்கவில்லை. வாளியை இறக்கிவிட்டு, கொடியில் வரிசையாகக் காய்கிற கணவாயை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் கொடி கனமாத் தொங்குதுடி. கண்ணு படப்போகுது."

"உங்க வீட்டுக் கொடி எப்படிக்கா? படகோட பங்கும் சேர்த்து உங்களுக்கு ரெண்டு பங்காச்சே."

"எங்க கொடியில கயிறு காயுது. நல்லாக் காயுது. அடுப்புல போட்டா ருசியாத்தான் இருக்கும்."

"என்னக்கா இப்படிப் பேசுறீங்க?"

"வேற எப்படிப் பேசச் சொல்றே? தொட்டியைப் பூசலாம்னா ஆகட்டும்ங்கிறாரு. படகுக்குத் தார் அடிக்கணும்னா ஆகட்டும்ங்கிறாரு. எண்ணெய் தீர்ந்து போச்சு, வெறும் கஞ்சியைக் கரைச்சுக் குடிக்கிறோம்னா அதுக்கும் ஆகட்டும். ஆகட்டும் ஆகட்டும்னே எனக்கு வயசாகிப் போச்சு." வாளியை இழுத்தவள், தலேந்தாவின் கையைப் பார்த்து நின்றாள். மருதாணி புதிதாகச் சிவந்திருந்தது. ஹலூமாவின் வாய் கோணியது. "நல்லாச் செவந்திருக்கு. வச்சுக்க. உனக்கென்ன, வச்சுக்க."

"அக்கா, என்கிட்ட எதையாவது மறைக்கிறீங்களா?"

"நான் என்னத்தைத் தாயி மறைக்கப் போறேன்? மறைக்கிறதுக்கு என் வீட்டுல என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் தளும்பத் தளும்பப் போய்விட்டாள். பொறாமைக்காரி என்று தலேந்தா மனசுக்குள் திட்டினாள். இரண்டு பங்குள்ள வீட்டில் எண்ணெய் எப்படித் தீரும் என்று ஒரு கேள்வி அதற்குப் பின்னாலேயே எழுந்து வந்தது. அதையும் சேர்த்துத் திட்டினாள்.

அடுத்த பிடிப்பு முப்பத்தைந்து. கூடையில் ஏழு. தலேந்தா அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு கூச்சல் கேட்டது. வஸீலா சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"வந்துருச்சு உம்மா! கண்டுபுடிச்சுட்டேன்! மொத்தம் தெரியுது, கூடையும் தெரியுது. அப்ப ஒளிஞ்சிருக்கிறது பங்குதானே? நான் விடையைத் தேடுனேன், அது தப்பு. பங்கைத் தேடணும். ஏழோட எது பெருக்கினா முப்பத்தஞ்சு? அஞ்சு! ஆறோட எது பெருக்கினா முப்பது? அஞ்சு! அஞ்சொம்போது நாப்பத்தஞ்சு, ரெண்டு கஞ்சிக்குப் போயிருச்சு. மூணு கணக்கும் சரியா வருது உம்மா! ஆறு இல்ல, அஞ்சு பங்கு..."

தலேந்தா அறைந்தாள்.

அகப்பை கையில் இருந்தது நினைவில்லை. கஞ்சி பிள்ளையின் காதிலும் சட்டையிலும் தெறித்தது. வஸீலா அழவில்லை. சரியான விடைக்கு அடி விழும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள்.

"ஆறு," என்றாள் தலேந்தா. "ஆறு பங்கு. அஞ்சுன்னு இன்னொரு தடவை உன் வாயில வந்துச்சுன்னா நாக்கை இழுத்து வச்சு அறுத்துருவேன்."

மறுநாள் மாலை அவள் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். தை மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் அவள் காலெடுத்து வைத்ததில்லை. கூறு போடுகிற நேரத்தில் பெண்கள் அங்கே நிற்பதும் இல்லை. காய வைத்திருந்த மண்குடுவைகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால் போய் நின்றாள். குடுவைகளிலிருந்து வந்த பாசி நாற்றம் பெர்ஜானி சட்டையின் நாற்றம்தான்.

ஷத்லி பாயின்மேல் கணவாய்களைக் கூறு வைத்துக்கொண்டிருந்தான். பெரிது ஒன்று, நடுத்தரம் ஒன்று, சிறிது ஒன்று என்று கலந்து கலந்து வைத்தான். கஞ்சிச் சட்டி கல்லடுப்பில் கொதித்தது. இளையவன் நூரி கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். கூறைப் பார்க்காதவன்தான் பேரைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் யாருக்கும் மனக்குறை இருக்காது. அஷூர் ஒரு கூறின்மேல் குச்சியை வைத்தான்.

"இது யாருக்கு?"

"படகுக்கு," என்றான் நூரி, திரும்பாமல்.

"இது?"

"அஷூருக்கு."

"ம், சின்னதாப் பார்த்துக் குடுத்துட்டான் பாவி. இது?"

"ஷத்லிக்கு."

"இது?"

"எனக்கு."

"இது?"

"ரயிஸுக்கு."

அஷூர் குச்சியைக் கீழே போட்டான். நூரி திரும்பினான். ஷத்லி மிஞ்சிய ஒன்றைத் துண்டு போட்டுச் சட்டியில் எறிந்தான். படகின் கூறு, கயிறும் குடுவையும் கடனாகக் கொடுத்த வியாபாரியின் கூடைக்குப் போனது.

தலேந்தா காத்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கூறு எங்காவது தனியாக இருக்கும், மறந்திருப்பார்கள், இதோ நினைவு வந்து கேட்பார்கள், அவன் பெயரைச் சொல்வார்கள் என்று நின்றாள். யாரும் கேட்கவில்லை. ரயிஸ் குனிந்து தன்னுடைய கூறை, ஒன்றுவிடாமல், அவள் வீட்டுக் கூடைக்குள் எடுத்துப் போட்டார். ஈரத்துணியால் மூடினார். மற்ற மூன்று பேரும் அந்த நேரத்தில் வேண்டுமென்றே வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூடையோடு குடுவை அடுக்கைத் தாண்டியவர் அவளைக் கண்டு நின்றுவிட்டார்.

"தங்கச்சி..."

"அது யாரு கூறு ரயிஸ்?"

ரயிஸ் கூடையின் ஈரத்துணியை இழுத்து விட்டார்.

"என் புருஷன் பேரை அந்தப் பையன் சொல்லலயே. காத்துல எனக்குத்தான் கேட்கலயா?"

"தங்கச்சி, வீட்டுக்குப் போ. வந்து சொல்றேன்."

"வீட்டுக்கு வந்து தரையைப் பார்த்துக்கிட்டு நிப்பீங்க. இங்கயே சொல்லுங்க. ஓதிட்டீங்களா?"

ரயிஸ் கூடையைக் கீழே வைத்தார். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்புத் துணியில் துடைத்தார்.

"ஓதிட்டோம்மா. நடுக்கடல்ல, அவன் கயிறு மாட்டுன இடத்துலயே. காத்து தெற்க திரும்புனப்போ. அஷூருக்கு வீடு நிறைய வாயி. நூரி இப்பத்தான் கல்யாணம் முடிச்சவன். அவங்களும் எத்தனை நாளைக்குத் தாங்குவாங்க? கூறை நிறுத்தலாம்னு அவங்க கேட்டதுல தப்பு இல்ல. அவன் இருந்திருந்தா அவனே முதல்ல கேட்டிருப்பான்."

"அன்னைக்கே என் வாசல்ல வந்து சொல்லியிருக்கணும்ல?"

"சொல்லத்தான் வந்தேன். சத்தியமா அதுக்குத்தான் வந்தேன். நீ கதவைத் திறந்து முகத்தைப் பார்க்கல, என் கையைப் பார்த்தே. கூடை இருக்கான்னு பார்த்தே. கூடை இருந்துச்சு. என் வீட்டுக்குக் கொண்டுபோக வச்சிருந்த என்னோட கூடை அது. அல்ஹம்துலில்லாஹ்னு வாங்கிக்கிட்டே. அதுக்கு மேல எனக்கு வாய் வரல தங்கச்சி. மறுநாளும் வரல. பிறகு அதுவே பழகிப் போச்சு."

"அப்ப நான்..." மருதாணிக் கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். "புருஷன் செத்தது தெரியாம மருதாணி வச்சுக்கிட்டு, அக்கா முன்னால கையை நீட்டிக்கிட்டு நின்னிருக்கேன். ஊரே பார்த்துச்சு. உங்க வீட்டுல எண்ணெய் இல்லாத கஞ்சியைக் குடிச்சுக்கிட்டு என் கொடியை நிறைச்சிருக்கீங்க. உங்களைத் திட்டவும் முடியல, கும்பிடவும் முடியல. என்ன மனுஷர் நீங்க?"

ரயிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கிழவன் அழுவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நாளையிலேருந்து உங்க கூறு உங்க வீட்டுக்குப் போகட்டும். நான் மட்டி பொறுக்கப் போவேன், என்னமோ செய்வேன்."

"பருவம் முடியுற வரைக்குமாவது..."

"வேணாம் ரயிஸ். கூடை வந்தா நான் மறுபடி நம்ப ஆரம்பிச்சுருவேன்."

அவள் கூடையை எடுக்காமல் நடந்தாள். வழியில் யார் யாரோ ஸலாம் சொன்னார்கள். பதில் சொன்னாளா என்று அவளுக்குத் தெரியாது.

வீட்டில் வஸீலா கதவடியிலேயே காத்திருந்தாள். அடி வாங்கிய கன்னம் இன்னும் லேசாக வீங்கியிருந்தது. உம்மாவைக் கண்டதும் சிலேட்டை முன்னால் நீட்டினாள். அழித்து அழித்துச் சிலேட்டே வெளுத்துப் போயிருந்தது.

"உம்மா, கோபப்படாத. எல்லாத்தையும் ஆறாக்கிட்டேன். பாரு. முப்பது இருந்ததை முப்பத்தாறு ஆக்கிட்டேன். முப்பத்தஞ்சை நாப்பத்திரெண்டு ஆக்கிட்டேன். இப்ப ஆறு சரியா வருது. ரயிஸ் மாமாதான் தப்பா எண்ணியிருப்பாரு."

தலேந்தா சிலேட்டை வாங்கிப் பார்த்தாள். பிஞ்சுக் கையெழுத்தில், ஒரு பிசகும் இல்லாமல், அத்தனையும் பொய்யாக இருந்தன. அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. இன்னும் ஒரு இரவு விடலாம். ரயிஸும் இப்படித்தான் வாசலில் நின்று நினைத்திருப்பார் என்று தோன்றியது.

உட்கார்ந்தாள். முக்காட்டின் நுனியால் சிலேட்டைத் துடைத்தாள். மகளைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ நேத்துப் போட்டதுதான் சரி."

"அஞ்சா?"

"அஞ்சு."

"நான் சொன்னேன்ல!" வஸீலாவின் முகம் மலர்ந்துவிட்டது. பாதி முளைத்த பற்கள் தெரிந்தன. "எனக்கு வகுத்தல் வருது! டீச்சர்கிட்ட சொல்லணும். ஆனா உம்மா..." கையை விரித்து விரல்களை மடக்க ஆரம்பித்தாள். "படகு, ரயிஸ் மாமா, ஷத்லி மாமா, அஷூர் மாமா, நூரி அண்ணன்."

கை முடிந்துவிட்டது. மூடிய கையைப் பார்த்தாள். அடுத்த கையின் கட்டைவிரலை நீட்டி, மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

"அப்ப பாபா எந்தக் கூறு உம்மா?"

தலேந்தா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தை மாதத்திலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகைதான் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கொடியைத் தாண்டி, மதிலைத் தாண்டித் தெருவெல்லாம் கேட்டது. தெருவில் கணவாய் அடிக்கிற சத்தம் ஒவ்வொரு முற்றமாக நின்றது. யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. இத்தனை நாளும் இதற்காகவே காத்திருந்த பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு, முக்காட்டைத் தேடி எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராக வந்தார்கள்.

முதலில் வந்தவள் ஹலூமா. வந்தவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.